பொன்னுருவி இறக்கி வைத்த பாரம்

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வெயில் ஏறுவதற்கு முன்பே, வேலங்காட்டூர் டீக்கடை வாசலில் ஊரே பார்த்திருக்க, சென்னியப்பனின் பெண்டாட்டி பொன்னுருவி தன் பாரம் முழுவதையும் அவனுடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு, மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். பார்த்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவள் நகையை எடுத்துப் போவாள், பாத்திரத்தை எடுத்துப் போவாள், இவள் என்னடாவென்றால் இருந்ததையும் விட்டுவிட்டுப் போகிறாளே என்று ஒரு பேச்சு எழுந்து, அதுவும் டீ ஆறுவதற்குள் அடங்கிப்போனது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து, ஏலத்துக்கு வந்து, கைமாறிக் கைமாறிக் கடைசியில் சென்னியப்பனிடம் வந்து சேர்ந்த பழைய கனத்த வண்டி அது. நேர்ச்சாலையில் விட்டால் கோயில் யானை வீதி வருகிற மாதிரி நிதானமாகப் போகும். வளைவு வந்தால் மட்டும் வீம்பு பிடிக்கும். ஊர் அதற்குப் பட்டாளத்தான் என்று பேர் வைத்திருந்தது. அந்தப் பட்டாளத்தானில்தான் சென்னியப்பன் தினமும் கோழிப்பண்ணை முட்டைகளை அட்டை அட்டையாக அடுக்கிக் கட்டிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகிற தேனடுக்குமலைக்குக் கொண்டுபோய்க் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான். முட்டை வியாபாரத்துக்கு இதுவா வண்டி என்று கேட்காத ஆளில்லை. பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. நின்று ஒரு டீ குடிக்க மாட்டான், உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்ன மாட்டான், எந்நேரமும் குட்டி போட்ட பூனை மாதிரி அங்குமிங்கும் அலைகிறவன்.

தை மாதத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பொன்னுருவி மலைமேல் பலாக்காட்டு வெள்ளையனின் மகள். முட்டை வாங்க வந்து முட்டைக்காரனையே கட்டிக்கொண்டவள் என்று அவளை எல்லாரும் கேலி பேசுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் தினம் பின்சீட்டில் ஏறி வந்தாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் எப்படி உட்காருவார்களோ அப்படித்தான் உட்கார்ந்தாள், இரண்டு காலையும் இடது பக்கமாகத் தொங்கப்போட்டு, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு. இரண்டு பக்கமும் காலைப் போட்டால் நாலு பேர் நாற்பது பேசுவார்கள் அல்லவா. ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தவளுக்கு ரோடு எங்கே தெரியும், பள்ளம்தான் தெரியும். "வளையறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங் மாமா, நானும் சேந்து சாஞ்சுக்குவேன்" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். வண்டி ஓட்டுகிற ஆம்பளை வழிநெடுக 'இடது, வலது' என்று ஏலம் விட்டுக்கொண்டு போனால் கேட்கிறவன் சிரிக்க மாட்டானா என்பது சென்னியப்பனின் எண்ணம்.

அந்த வெள்ளிக்கிழமை, கீழ்மலையிலேயே ஒரு வலது வளைவில், அவன் வலது பக்கம் சாய, அவள் பயந்து இடது பக்கம் சாய, பட்டாளத்தான் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நேராகப் போய்க் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. உயிர் தப்பியது, முட்டை தப்பவில்லை. சைலன்சரில் ஆம்லெட் வாசனையோடு திரும்பி வந்து டீக்கடை முன்னால் நிறுத்தியபோது, அத்தனை பேர் கேட்க அவன் கத்தினான்.

"உன் பாரந்தான் வண்டியத் திரும்ப விடமாட்டேங்குது!"

"நான் உங்களுக்குப் பாரமா?"

"பின்ன?"

அந்தப் 'பின்ன'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு சொல்லில் குடி கெடும் என்பார்களே, இது சொல்லில்கூடச் சேராது, சொல்லுக்குப் பின்னால் போடுகிற வால். பொன்னுருவி கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்தாள். "சரிங் மாமா. பாரத்த வச்சுட்டுப் போறேன், நீங்களே வச்சுக்கங்க" என்று இறங்கினாள். அவள் இறங்கியும் பின் ஸ்பிரிங் எழவில்லை. பஸ் படியில் கண்டக்டர் மருதமுத்து கை கொடுத்துத் தூக்கியபோது ஈரம் காய்ந்த துண்டு மாதிரி அவள் மேலே வந்துவிட்டாள், அவ்வளவு லேசு.

சென்னியப்பன் முதலில் நம்பவில்லை. சீட்டைத் தடவிப் பார்த்தான், வெறும் ரெக்சின். ஆனால் ஸ்டாண்டை எடுத்தால் வண்டி இடது பக்கமாகவே விழப் பார்த்தது, உருட்டினால் ஆளை வைத்து உருட்டுகிற மாதிரி மூச்சு வாங்கியது. கடைசியில் பண்ணை லாரிகளை எடை போடும் மேடையில் கொண்டுபோய் ஏற்றினார்கள். எடை பார்க்கிறவர், "ஆள் ஒண்ணு கூட இருக்குதுங்க, ஒல்லியான ஆள்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டார்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகாது? டீக்கடை ரங்கநாயகி அக்கா வண்டியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் "என்ன பொன்னு, வெயில்ல இருக்கியா" என்று கேட்டு நிழலுக்கு நகர்த்தச் சொல்வாள். வெள்ளிக்கிழமைகளில் சீட்டின்மேல் ஒரு முழம் மல்லிகை விழுந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட கணக்கு டீச்சர் அவசரத்துக்கு ஏறி, "கொஞ்சம் முன்னால தள்ளி உக்காரும்மா" என்றதும் சீட்டு கிறீச்சென்று இடம் விட்டது. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, சென்னியப்பனுக்கு ஒன்றும் பின்சீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு நன்றி சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனாள். போலீஸ்காரர்கூட ஒருநாள் கை காட்டி நிறுத்தி, அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னால இருக்கறவங்க பத்திரம்" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு சொல் மட்டும் ஊரைவிட்டே ஓடிப்போயிற்று. பாரம் என்று வாயால் சொல்ல ஆண்கள் நடுங்கினார்கள். லாரியில் பாரம் ஏற்றுகிறவர்கள் 'அதை' ஏற்றினார்கள், 'அதை' இறக்கினார்கள். 'அதிக பாரம் ஏற்றாதீர்' என்று பின்பலகையில் எழுதியிருந்த லாரிக்காரன் நடுவில் உள்ள சொல்லைத் தார் பூசி மறைத்தான். பெண்கள் இதற்கு நேர்மாறு. பொழுது சாய்ந்தால் வண்டியைச் சுற்றி வந்து நின்றுகொண்டு, எப்படி இறக்கினாள், எந்தக் காலை முதலில் ஊன்றினாள் என்று ரங்கநாயகியிடம் துருவித் துருவிக் கேட்டார்கள். ஒருத்தி தன் புருசனை இழுத்துவந்து அவன் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, "சொல்லுங், பாரம்னு ஒருக்காச் சொல்லுங், நானும் எறக்கி வச்சுட்டுப் போறேன்" என்று மல்லுக்கு நின்றாள். அந்த மனுசன் அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

ஊர் பழகினாலும் பட்டாளத்தான் பழகவில்லை. அவன் இடது வளைவுகளில் தானாகவே விழுந்தான், வலது வளைவுகளில் எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். முதல் வளைவுகளிலேயே திரும்பி வர வேண்டியதாயிற்று. மலையில் முட்டை இல்லாமல் போனது. சென்னியப்பன் மெக்கானிக் காதரிடம் போய் நின்றான்.

காதர் அண்ணனுக்குத் தெரியாது என்ற வார்த்தை தெரியாது. "ஆளை எறக்கறது என் வேலை இல்ல தம்பி. இருக்கற கனத்துக்கு வண்டியத் திருத்தறதுதான் என் வேலை" என்று சட்டைக் கையை மடித்தார். நடுவில் தேய்ந்து சப்பையாகிப்போன டயர்களைக் கழற்றி எறிந்துவிட்டு உருண்டையான புது டயர் போட்டார். ஹேண்டில் பாரின் கழுத்தைப் பிரித்துப் பழைய பேரிங் குண்டுகளை எடுத்துவிட்டுப் புதிது போட்டு, தேனாகத் திரும்புகிற வரைக்கும் முறுக்கி முறுக்கிப் பார்த்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கெட்டி ஆயில் ஊற்றினார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றி அது ஆடாமல் பண்ணினார். பின் ஸ்பிரிங்கில் இடது பக்கத்தை மட்டும் இறுக்கினார். முட்டை அட்டை வைக்கும் கேரியரைத் தாழ்த்தி வலது பக்கமாக நகர்த்தினார். வளைவில் தரையில் உரசிய கால்மிதியை வெட்டி உயர்த்திப் பற்றவைத்தார். பற்றவைப்புக்குப் பற்றவைப்பு உபதேசமும் நடந்தது. "வளைவுக்கு முன்னாலயே பிரேக் போடு, உள்ளார போயிப் போடாத. பள்ளத்தப் பாத்தீன்னா பள்ளத்துக்குத்தான் போவே, போற எடத்தப் பாரு. பாதி வளைஞ்சப்பறம் மெதுவா ஆக்ஸிலேட்டர முறுக்கு."

இத்தனைக்கும் பிறகு பட்டாளத்தான் பாதி மனசோடு திரும்பினான். சென்னியப்பனுக்கு அந்தப் பாதி போதவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாது, பட்டறைக்கு வருவான். பட்டறையில் நிற்க முடியாது, எழுந்து போய் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்ப்பான். வெறும் வீட்டில் உலை வைக்கவும் பிடிக்கவில்லை. மனசுக்குள் யாரோ உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

மலையிலிருந்து சேதி மட்டும் பஸ்ஸோடு இறங்கி வந்தது. "உன் சம்சாரம் என்னமா இருக்குது தெரியுமா" என்று கண்டக்டர் மருதமுத்து சொன்னார். "இது பலாச் சீசன். உச்சாணிக் கொம்புல இருக்கற பழமெல்லாம் அதுதான் எறக்குது. ஏறக்கூட வேண்டாம், ஒரு எத்து எத்துனா மேல போயிருது. இடுப்புல கயித்தக் கட்டி அப்பன் கீழ புடிச்சுக்கறாரு. ஊரே கூப்புடுது. ஒரே சிரிப்பு." அந்தச் சிரிப்பு சென்னியப்பனைப் போட்டு அரித்தது. அவனோடு இருந்த மாதங்களில் அவள் சிரித்த நாட்களை நினைத்துப் பார்த்தான், சட்டென்று ஒன்றும் அகப்படவில்லை. பஸ் நகரும்போது மருதமுத்து தலையை நீட்டி, "ஆனா ஆடி பொறக்கப்போவுது தம்பி. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. அவளுக்கு அம்மி கனங்கூட இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி பிறந்த காலையில் வேலங்காட்டூரில் தகரக் கூரைகள் தடதடத்தன. சென்னியப்பன் முட்டை ஏற்றவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, பட்டாளத்தானை உதைத்துக் கிளப்பினான். அவளுக்கு உரியது அவன் பின்சீட்டில் இருக்கிறது, காற்று அவளைக் கொண்டுபோவதற்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

கீழ்வளைவுகளைக் காதரின் புண்ணியத்தில் கடந்தான். பாதி மலையில், ஒரு வலது வளைவில், எதிர்க்காற்று முகத்தில் அறைந்த அதே நேரம் பின்சீட்டுப் பாரம் இடது பக்கமாக ஒதுங்க, வண்டி வளையாமல் வெளிப்பக்கமாகவே போய்ச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மேகம்தான். அவன் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். அப்போதுதான் கேட்டது, பின் ஸ்பிரிங் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் அவனுக்கு மட்டும் இல்லை. கண்ணில்லாத பாரம் அது, அவன் முதுகுக்குப் பின்னால், எந்தப் பக்கம் திரும்பப் போகிறானோ என்று ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தை மாதத்திலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வலது வருது, பொன்னு" என்றான். சீட்டு கிறீச்சிட்டது. வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, எண்ணெய் வழிகிற மாதிரி வளைவைச் சுற்றி ஏறியது. "இடது வருது." ஏறியது. "வலது, பெரிய வளைவு, கொஞ்சம் நல்லாச் சாஞ்சுக்க." ஏறியது. எதிரே இறங்கிய ஜீப்காரன் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவனைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பலாக்காட்டில் வெள்ளையன் வீட்டு முற்றம் முழுக்க ஆட்கள். எல்லார் கையிலும் ஒரே கயிறு, எல்லார் கண்ணும் மேலே. விடிகாலையில் பழம் இறக்கப் போனவளைக் காற்று மரத்துக்கும் மேலே கொண்டுபோயிருந்தது. பலா மர உச்சியைத் தாண்டி, சேலை படபடக்க, பொன்னுருவி பட்டம் மாதிரி இழுபட்டுக்கொண்டிருந்தாள். கயிறு ஒரு கிளையில் உரசி உரசிப் பிரிந்துகொண்டே வந்தது. இவர்கள் ஒரு முழம் இழுத்தால் காற்று இரண்டு முழம் வாங்கியது.

சென்னியப்பன் பட்டாளத்தானை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தி, கயிற்று நுனியைப் பின்சீட்டுக் கைப்பிடியில் இழுத்துக் கட்டினான். வண்டியின் கனத்துக்குக் கயிறு அசையாமல் நின்றது. "பொன்னு! கயித்தப் புடிச்சு எறங்கி வா! உன்னுது இங்க இருக்குது, கொண்டாந்துட்டேன்!"

மேலேயிருந்து காற்றில் கிழிந்து கிழிந்து குரல் வந்தது. "வந்தா மறுபடியும் பாரந்தானுங்களே?"

"எறங்கு சாமி!" என்று வெள்ளையன் கதறினார்.

"அவரு சொல்லட்டும்! நான் பாரமா இல்லையா?"

"இல்லைன்னு சொல்லுங்க மாப்ளே!" என்று முற்றமே கத்தியது. இதற்கு என்ன யோசனை, பெண்டாட்டி உயிர் ஊசலாடும்போது எந்தப் புருசனும் சொல்லுகிற பதில்தானே. அவனும் வாயைத் திறந்து, "இல்ல பொன்னு, நீ பாரமே இல்..." என்று சொல்லத் தொடங்கினான்.

கைக்கடியில் சீட்டு எழுந்தது. ஸ்பிரிங் மெல்ல மெல்ல மேலே வந்தது. கைப்பிடியில் கட்டிய கயிறு வண்டியின் பின்பக்கத்தையே தூக்கப் பார்த்தது. சென்னியப்பன் இரண்டு கையாலும் சீட்டை அமுக்கினான். சொல்லால் இறங்கியது சொல்லாலேயே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 'இல்லை' என்று முழுசாகச் சொல்லி முடித்தால் அவளுடைய பாரம் இந்த உலகத்தில் எங்குமே இருக்காது, அவள் காற்றோடு போய்விடுவாள்.

"இருக்கு!" என்று அலறினான். "பொய் சொல்லல பொன்னு, உனக்குப் பாரம் இருக்கு! ஆளுன்னா இருக்கும்! எனக்கும் இருக்கு, உங்கப்பனுக்கும் இருக்கு! வண்டி திரும்பாதது உன் பாரத்துனால இல்ல, நான் ஒரு வார்த்த சொல்லாததுனால! எங் குத்தந்தான்!"

சீட்டு டப்பென்று அமுங்கியது. மேலே அவள் கைமேல் கை மாற்றிக் கயிற்றைப் பிடித்து இறங்கத் தொடங்கினாள். காற்றில் ஒருபக்கமாக உட்கார வழியில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு, தன் பாரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தாள். ஊர் அதைப் பார்த்தது, ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வண்டி சாயாமல் இருக்க முன்னால் ஏறி உட்கார்ந்திருந்த அவன் முதுகில் அவள் மூச்சு சூடாகப் பட்டது. அழுகிறானா என்று அவள் எட்டிப் பார்த்தாள், அழுதுகொண்டுதான் இருந்தான்.

அவள் இறங்கியபோது ஸ்பிரிங் எழுந்தது. ஈர மண்ணில் அவள் பாதம் புதைந்தது. ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, "முட்டியெல்லாம் நோவுது" என்று சிரித்தாள்.

வெள்ளையன் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "உசுரக் காப்பாத்துனீங்க மாப்ளே, இல்லைன்னு சொல்லல. ஆனா தல ஆடி. புதுப்பொண்ணு ஆடியில புருசன் வீட்டுக்குப் போறதில்ல. முடியட்டும், அப்பறம் அவ இஷ்டம்." டீ ஆறுகிறவரைகூடக் காத்திருக்கத் தெரியாத சென்னியப்பன் "சரிங் மாமா" என்றான். பொன்னுருவி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

திரும்பும்போதுதான் வினை. காதர் பட்டாளத்தானை அவளுடைய பாரத்துக்கென்றே திருத்தியிருந்தார். அது இல்லாமல் வண்டி வலது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய் மலைப்பாறையில் முட்டப் பார்த்தது. சென்னியப்பன் இறங்கித் தள்ள ஆரம்பித்தான். அடுத்த வளைவில் குறுக்குப் பாதையின் கற்கள் சரசரத்தன. பொன்னுருவி தொம் தொம்மென்று காலை ஊன்றி இறங்கி வந்து நின்றாள்.

"ஆடியில புருசன் வீட்டுக்குத்தான் போவக்கூடாது. வளைவு வரைக்கும் போவக்கூடாதுன்னு யாரும் சொல்லல" என்று பின்னால் ஏறினாள். "இந்த ஒரு வளைவுதான்."

ஒரு வளைவு வந்தாள், இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டாள். மீதி மலையை அவன் தள்ளிக்கொண்டு இறங்கினான். மறுநாள் அவன் அவளுடைய எடைக்கு எடை மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு முட்டையோடு ஆமை வேகத்தில் ஏறிவர, இறக்கத்தில் அவள் இரண்டு வளைவு வந்தாள். ஆடி முழுக்க இப்படித்தான். ஒருநாள் ஒரு வளைவு கூட்டினாள், ஒருநாள் குறைத்தாள், ஒருநாள் வரவே இல்லை. அன்றைக்கு அவன் பட்ட பாட்டை யாரிடம் சொல்ல? எங்கே நிறுத்தச் சொல்கிறாளோ அங்கே நிறுத்துவான், ஏன் என்று கேட்க மாட்டான். வேலங்காட்டூரில் டீக்கடையில் கூடுகிறவர்கள் மலையைப் பார்த்துப் பார்த்து, இன்றைக்கு எந்த வளைவு என்று பந்தயம் கட்டினார்கள்.

ஆவணி பிறந்த அன்று அவள் கடைசி வளைவு வரைக்கும் வந்துவிட்டாள். அதற்குமேல் நேர்ச்சாலை, ஊர். எதிரே ரங்கநாயகி அக்கா கையில் டம்ளரோடு அப்படியே நின்றாள், லாரிகளெல்லாம் ஓரங்கட்டின. சென்னியப்பன் வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி, எஞ்சினை அணைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. வா என்று சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. பின் ஸ்பிரிங் எழுகிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

ஸ்பிரிங் எழவில்லை.

"ஏனுங் மாமா," என்றாள் பொன்னுருவி, "வண்டி நின்னுபோச்சுங்களா?"